ஹியூரான் ஏரியில படகு எடுத்துட்டுப் போய் பாறைத் தீவுகளுக்கு நடுவுல நங்கூரம் போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பொங்கோல்படகோட்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், கேள்வி கேக்குறது இதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் ஜூலையில குடும்பத்தோட கனடா போறோம், டொராண்டோல மனைவியோட அக்கா வீடு, அங்க ஒரு வாரம் இருந்துட்டு அப்புறம் பத்து நாள் ஹியூரான் ஏரியில ஒரு 34 அடி பாய்மரப் படகை நாங்களே ஓட்டுற மாதிரி வாடகைக்கு எடுக்கலாம்னு ஆசை. அந்த ஏரியோட ஒரு பகுதியான ஜார்ஜியன் பே கிழக்குக் கரையில இருக்குற முப்பதாயிரம் தீவுகளப் பத்தி படிச்சதுலேர்ந்து தூக்கமே வரல, நல்ல தண்ணி ஏரிக்குள்ள இவ்ளோ பெரிய தீவுக்கூட்டம் உலகத்துலயே வேற இல்லைங்குறாங்க, போட்டோல பாத்தா இளஞ்சிவப்பு கிரானைட் பாறை தண்ணிக்குள்ள அப்படியே சரிஞ்சு இறங்குது, மேல காத்துல ஒரு பக்கமா வளைஞ்ச பைன் மரம், பக்கத்துல ஒத்தப் படகு.

என் அனுபவம்: 2016ல சிங்கப்பூர்ல பிபிசிடிஎல் (மோட்டார் படகு ஓட்டுற லைசென்ஸ்) எடுத்தேன், சாங்கி பக்கம் ஒரு கிளப்புல பாய்மரம் கத்துக்கிட்டேன். நண்பரோட படகுல லாசரஸ், செயின்ட் ஜான்ஸ், புலாவ் ஹந்து எல்லாம் போய் நங்கூரம் போட்டு ராத்திரி தங்கியிருக்கோம். மலாக்கா நீரிணையில ஒரு தடவ லங்காவி வரைக்கும் கூட்டாளிங்களோட போனேன், ஆனா அப்ப நான் கேப்டன் இல்ல. கூட வர்றவங்க மனைவி, 11 வயசுல ஒரு பையன், 7 வயசுல ஒரு பொண்ணு, 68 வயசு மாமனார்.

என் கேள்வி, இந்த அனுபவம் போதுமா, ஜார்ஜியன் பே நல்லதா இல்ல அதுக்கு மேல நார்த் சேனல்னு சொல்றாங்களே அது நல்லதா, அப்புறம் முக்கியமா, சுத்தி பாறையா இருக்குற இடத்துல நங்கூரம் எப்படிங்க பிடிக்கும், நாம இங்க சேத்துலதானே போட்டுப் பழகியிருக்கோம். போனவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

---

சட்பரி_ரிட்டர்ன் எழுதியது:

நான் சட்பரியில நாலு வருஷம் படிச்சேன், அங்கேர்ந்து கில்லார்னி ஒரு ஒன்றரை மணி நேரக் கார் பயணம்தான், ஒவ்வொரு கோடையிலயும் கிளாஸ்மேட்டோட அப்பா படகுல ஆளு தேவைன்னா நான் ஏறிடுவேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல இடம். ஜார்ஜியன் பே சின்ன விரிகுடா இல்ல, கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர் நீளம், 80 கிலோமீட்டர் அகலம், சிங்கப்பூர் மாதிரி இருபது தீவை உள்ள போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும். கிழக்குக் கரையில போர்ட் செவர்ன்லேர்ந்து வடக்க போகப் போக தீவும் பாறையும்தான், அதுக்குள்ள மிதவை வச்சு சின்னப் படகுங்களுக்குன்னே ஒரு வழி போட்டிருக்காங்க, ஸ்மால் கிராஃப்ட் ரூட்னு பேரு. சார்ட் (நீர்வழி வரைபடம்) 2202லேர்ந்து 2205 வரைக்கும் வரிசையா வாங்கினா போர்ட் செவர்ன் டு லிட்டில் கரண்ட் முழுக்க வந்துடும். பேப்பர் சார்ட் கண்டிப்பா வாங்குங்க, ஜிபிஎஸ் ஸ்கிரீன்ல சூம் பண்ணலன்னா சில பாறை கண்ணுலயே படாது.

நார்த் சேனல்ங்குறது மனிடூலின் தீவுக்கும் மேல இருக்குற கரைக்கும் நடுவுல. மனிடூலின்தான் உலகத்துல ஏரிக்குள்ள இருக்குற தீவுலயே பெருசு, 2,766 சதுர கிலோமீட்டர், நம்ம ஊரப்போல மூணு மடங்குக்கு மேல. அது தெற்குப் பக்கம் சுவர் மாதிரி நிக்கிறதால பெரிய ஏரியோட அலை உள்ள வராது. அதான் முதல் தடவை போற குடும்பத்துக்கு நான் நார்த் சேனல்தான் சொல்வேன். பெஞ்சமின் தீவுகள், குரோக்கர் தீவு, கிழக்க வந்தா பே ஃபின், கவர்டு போர்டேஜ் கோவ், கில்லார்னி, எல்லாமே ஒவ்வொண்ணும் அரை நாள் ஓட்டம்தான். இளஞ்சிவப்பு பாறை பெஞ்சமின்ல இருக்கு, கில்லார்னி பக்கம் மலை வெள்ளையா இருக்கும், குவார்ட்சைட், வெயில் பட்டா தூரத்துலேர்ந்து பாக்க பனி பெய்ஞ்ச மாதிரியே இருக்கும். கில்லார்னிக்கு ரோடே 1962லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் படகுதான், இன்னமும் அந்த ஊரு தண்ணியப் பாத்துதான் உக்காந்திருக்கு.

இப்ப சிங்கப்பூர்க்காரங்களுக்குன்னு ஒரு விஷயம், இதத் தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க. நம்ம ஊர்ல துறைமுகத்துக்குள்ள வரும்போது சிவப்பு மிதவை இடது கைப் பக்கம், பச்சை வலது கைப் பக்கம். வட அமெரிக்காவுல அப்படியே தலைகீழ், உள்ள வரும்போது சிவப்பு வலது பக்கம். மிதவைக்கு ஐஏஎல்ஏங்குற சர்வதேச அமைப்பு வகுத்த ரெண்டு முறை இருக்கு உலகத்துல, நாம 'ஏ', அவங்க 'பி'. பரீட்சைக்குப் படிச்சிருப்பீங்க, ஆனா படிச்சது வேற, பத்து வருஷமா கை பழகினது வேற. என் மூணாவது கோடையில ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு, மத்தியானம், பளிச்னு வெளிச்சம், காத்தே இல்ல, எதிர்ல சிவப்பு தெரிஞ்சுது, யோசிக்காம இடதுல விட்டேன். மிதவைக்கு அந்தப் பக்கம் ஒரு அஞ்சு மீட்டர் கூட இருக்காது, புரொபெல்லர் பாறையில அடிச்சு ஒரு பிளேடு மடங்கிடுச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. படகு வச்சிருந்தவர் ஒரு வார்த்தை திட்டல, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. அன்னிலேர்ந்து அங்க போனா ஸ்டியரிங் பக்கத்துல சிவப்பு டேப்பும் பச்சை டேப்பும் ஒட்டிதான் ஓட்டுறேன், அதுவும் 'உள்ள போறது' எந்தத் திசைங்குறது தீவுகளுக்கு நடுவுல பாத்தா புரியாது, சார்ட்டப் பாத்து காலையிலயே அன்னிக்குப் போற ஒவ்வொரு மிதவைக்கும் பென்சில்ல குறிச்சு வச்சுடணும்.

அடுத்து ஆழம். அங்க கடல் மாதிரி தண்ணி ஏறி இறங்குற ஏத்தவத்தம் கிடையாது, அதாவது கண்ணுக்குத் தெரியுற அளவுக்குக் கிடையாது. ஆனா வருஷத்துக்கு வருஷம் ஏரி மட்டம் மாறும். சார்ட்ல போட்டிருக்குற ஆழம் கடல் மட்டத்துக்கு மேல 176.0 மீட்டர்ங்குற மட்டத்துலேர்ந்து கணக்கு. 2013 ஜனவரியில ஏரி 175.57 வரைக்கும் இறங்கிடுச்சு, அப்ப சார்ட்ல 2 மீட்டர்னு இருந்தா நிஜத்துல ஒண்ணரைதான். 2020 கோடையில 177.4 தாண்டிப் போச்சு, நிறைய ஜெட்டி முங்கிடுச்சு. கெளம்புறதுக்கு முன்னாடி அன்னிக்கு மட்டம் என்னன்னு கனடா நீரளவைத் துறை இணையத்துல பாத்து கூட்டிக் கழிச்சுக்குங்க.

கடைசியா பேப்பர் வேலை. சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுன்னா இடிஏ (இணையத்துல எடுக்குற பயண அனுமதி) எடுத்தா போதும், 7 கனடா டாலர். மாமனார் இந்திய பாஸ்போர்ட்டா இருந்தா, சிங்கப்பூர் பிஆரா (நிரந்தரவாசியா) இருந்தாலும் விசா எடுக்கணும், அதுக்கு இப்பவே ஆரம்பிங்க. மோட்டார் உள்ள எந்தப் படகா இருந்தாலும் ஓட்டத் தெரியும்னு ஒரு அத்தாட்சி கேப்பாங்க, நம்ம பிபிசிடிஎல்ல எப்படி எடுத்துக்குறாங்கன்னு வாடகைக்கு விடுறவங்ககிட்டயே மெயில்ல எழுதி வாங்கிடுங்க, போன்ல சொல்றத நம்பி டிக்கெட் போடாதீங்க.

---

பொங்கோல்படகோட்டி எழுதியது:

இவ்ளோ எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க, மிதவை விஷயம் படிச்சப்ப வயிறு கலங்கிடுச்சு, ஏன்னா நானும் அப்படித்தான் விட்டிருப்பேன். மாமனார் இந்திய பாஸ்போர்ட்தான், விசா வேலை நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

நங்கூரம் பத்தி யாராச்சும் சொல்லுங்களேன். படகோட பின்பக்கத்த மரத்துல கட்டுறாங்கன்னு பாத்தேன், நான் வாழ்க்கையில அப்படி செஞ்சதே இல்ல.

---

பழையமாலுமி எழுதியது:

தம்பி, நான் 31 வருஷம் சிங்கப்பூர்த் துறைமுகத்துல இழுவைப் படகுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். மகன் ஆன்டாரியோவுல இருக்கான், அவன்கூட மூணு கோடை நார்த் சேனல் போயிருக்கேன். எங்கப்பா தொண்டி பக்கம் மீன் பிடிச்சவர், அவர் சொல்லித் தந்ததும் இங்க கத்துக்கிட்டதும் அங்க எது பொருந்துச்சு எது பொருந்தலைங்குறத சொல்றேன்.

எங்க ஊர்ல தண்ணிக்கு அடியில இருக்குற பாறைத் திட்டுக்குப் 'பார்'னு பேரு. பாருல முட்டினா மரக்கலம் உடையும், மணல்ல தட்டினா வெள்ளம் (கடல் ஏத்தம்) ஏறினதும் மிதக்கும், அதனால எங்கப்பா மணலுக்குப் பயப்பட மாட்டார், பாருக்குத்தான் பயப்படுவார். இங்க சிங்கப்பூர்லயும் வெள்ளத்துக்கும் வத்தத்துக்கும் மூணு மீட்டர் வரைக்கும் வித்தியாசம் இருக்கு, சாங்கி பக்கம் சேத்துல தட்டினவங்க பேசாம உக்காந்து காப்பி போட்டுக் குடிச்சிட்டு ஆறு மணி நேரத்துல மிதந்து வந்திருக்காங்க. ஹியூரான் ஏரியில அது நடக்காது. அங்க அடியில முக்கால்வாசி பார்தான், ஏறிட்டீங்கன்னா தூக்கிவிட வெள்ளம் வராது, காத்திருந்தா அலை அடிச்சு அடிச்சு படகோட அடிக்கட்டை, அதான் கீல், தேயும். அதனால மிதவை வழிய விட்டு வெளிய வந்துட்டா வேகம் 3 நாட்ஸுக்கு (மணிக்கு அஞ்சரை கிலோமீட்டர்) மேல வேணாம். ஒரு ஆளு முன்னாடி மூக்குல நிக்கணும், போலராய்டு கண்ணாடி போட்டுக்கிட்டு, வெயில் முதுகுக்குப் பின்னாடி இருக்குற நேரமா பாத்து உள்ள போங்க. நம்ம கடல் கலங்கின தண்ணி, நிறத்த வச்சு ஆழம் பாக்குற பழக்கமே நமக்கு இல்ல. அங்க பத்து அடிக்குக் கீழ கிடக்குற கல்லு தெளிவாத் தெரியும், மஞ்சளா பழுப்பா தெரிஞ்சா மேல இருக்குன்னு அர்த்தம், கரும்பச்சையா இருந்தா ஆழம். ஃபிரெஞ்ச் ரிவர் வாய்ப்பக்கம் போனா மட்டும் தண்ணி தேயிலை மாதிரி இருக்கும், காட்டு இலை ஊறின சாயம், அங்க கண்ணு உதவாது, ஆழமானியத்தான் நம்பணும்.

இப்ப நங்கூரம். சுத்தி பாறையா இருக்கேன்னு கேட்டீங்க, நல்ல கேள்வி. மேல தெரியுறது பாறை, ஆனா ரெண்டு பாறைக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல ஆயிரக்கணக்கான வருஷத்து சேறும் களிமண்ணும் இறங்கிக் கிடக்கு, குடாவோட நடுவுல போட்டா அருமையாப் பிடிக்கும். ஓரத்துக்குப் போகப் போக வழுக்குப் பாறை, நங்கூரம் கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டே வரும், அந்தச் சத்தம் கேட்டாலே எடுத்து மறுபடி போடுங்க, 'பரவால்ல பிடிச்சுக்கும்'னு விடாதீங்க.

கயிறு எவ்ளோ விடணும்னா, இங்க நாம தண்ணி ஆழத்தோட ஏறப்போற வெள்ளத்தையும் சேத்துக் கணக்குப் போடுவோம். அங்க அது வேணாம், ஆழம் 4 மீட்டர், மூக்கு உயரம் 1 மீட்டர், மொத்தம் 5, அதுக்கு அஞ்சு மடங்குன்னா 25 மீட்டர், காத்து வருதுன்னு சொன்னா ஏழு மடங்கு, 35. ஆனா சிக்கல் எங்கன்னா சில குடா அவ்ளோ சின்னது, 35 மீட்டர் விட்டு படகு சுத்துனா பின்பக்கம் பாறையில போய் இடிக்கும். அதுக்குத்தான் பின்னாடி மரத்துல கட்டுறது.

செய்யுற விதம் இப்படித்தான். முதல்ல குடாவ ஒரு சுத்து மெதுவா சுத்தி வந்து ஆழம் பாத்துக்குங்க. எந்தப் பாறைக்கு முதுகு காட்டப் போறோம்னு முடிவு பண்ணிட்டு அதுக்கு நேரா நாலஞ்சு மீட்டர் ஆழத்துல நங்கூரத்த இறக்கி, ரிவர்ஸ்ல மெதுவா கயிறு விட்டுக்கிட்டே பின்னாடி வாங்க, நல்லா இழுத்துப் பாத்து பிடிச்சிருக்கான்னு நிச்சயம் பண்ணுங்க, எஞ்சின ரிவர்ஸ்ல கொஞ்சம் கூட்டி ஒரு நிமிஷமாவது வச்சிருக்கணும், கரையில இருக்குற ஒரு மரத்தையும் அதுக்குப் பின்னாடி இருக்குற பாறையையும் ஒரே கோட்டுல வச்சுப் பாத்தா படகு நகருதா இல்லையான்னு தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் ஒரு ஆளு டிங்கியில (கூட இருக்குற சின்னப் படகு) கயிற எடுத்துட்டுப் போய் மரத்துல கட்டணும். மிதக்குற கயிறா 50 மீட்டர் வச்சுக்குங்க, மூழ்குற கயிறுன்னா புரொபெல்லர்ல சுத்திக்கும். மரத்துல கயிற நேராக் கட்டாம அகலமான பட்டையப் போட்டுக் கட்டுங்க, அந்தப் பைன் மரம் பாறை இடுக்குல இருக்குற ஒரு சாண் மண்ணுல நூறு வருஷமா நின்னுட்டிருக்கு, பட்டைய அறுத்துட்டு வர்றது நியாயமில்ல. செத்த மரத்துல கட்டாதீங்க. சில இடத்துல பாறையிலயே இரும்பு வளையம் அடிச்சு வச்சிருப்பாங்க, ஆட்டிப் பாத்துட்டுக் கட்டுங்க.

சுக்கானுக்குப் பின்னாடி எவ்ளோ ஆழம்னு கயித்துல ஈயக்குண்டு கட்டி அளந்து பாருங்க. வெள்ளம் வத்தம் இல்லைன்னாலும் காத்தும் காத்தழுத்தமும் மாறும்போது ஏரித்தண்ணி ஒரு பக்கம் ஒதுங்கி ஒரு அடிகூட ஏறி இறங்கும், அந்த ஒரு அடி மிச்சம் இருக்கணும்.

இன்னொண்ணு, நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கரை பூரா மரம் வெட்டி ஆத்துல மிதக்க விட்ட இடம், மூழ்கின கட்டைங்க இன்னும் அடியில கிடக்கு. நங்கூரம் அதுல மாட்டினா மேலேர்ந்து எவ்ளோ இழுத்தாலும் வராது. அதனால நங்கூரத்தோட தலைப்பக்கத்துல தனியா ஒரு மெல்லிசு கயிறு கட்டி சின்ன மிதவை விட்டுடுங்க, மாட்டினா அதப் பிடிச்சு பின்பக்கமா இழுத்தா வந்துடும்.

காத்து பத்தி ஒரு வரி. கோடையில அங்க முக்கால்வாசி நாள் மேல்காத்து, எங்கப்பா பாஷையில கச்சான். அது 80 கிலோமீட்டர் திறந்த தண்ணியத் தாண்டி வந்து கிழக்குக் கரைப் பாறையில அடிக்கும், அலை உயரம் பெருசா இருக்காது, ஆனா கிட்டக்கிட்ட செங்குத்தா வரும். அதான் கச்சான் பலமா அடிக்கிற நாள்ல ஜார்ஜியன் பே கிழக்குக் கரையில திறந்த இடத்துக்கு வரவே கூடாது. சட்பரி தம்பி சொன்னதுதான் என் கருத்தும், முதல் தடவை நார்த் சேனல்.

---

கண்ணாடிநீர் எழுதியது:

எனக்கு அதுல கொஞ்சம் மாற்றுக் கருத்து இருக்கு. கிழக்குக் கரையில தெற்குப் பகுதி, அதாவது பியூசோலே தீவு, மசசாகா பார்க், பாரி சவுண்ட் வரைக்கும் மிதவை வழி முழுக்க தீவுகளுக்கு உள்ளேயே போகுது, டொராண்டோலேர்ந்து ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம். லிட்டில் கரண்டுக்கு கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் கார் ஓட்டணும், 68 வயசு ஆளுக்கு அது சும்மா இல்ல. பியூசோலே தீவு 1929லேர்ந்து தேசியப் பூங்கா, ஜெட்டி இருக்கு, நடக்க பாதை இருக்கு, தேவைப்பட்டா ஊர் பக்கத்துலயே. கஷ்டம் ஆரம்பிக்கிறது பாயின்ட் ஓ பேரிலுக்கு வடக்கே, ஹேங்டாக் சேனல் பக்கம், அங்க மட்டும் போகாம இருந்தா போதும்.

ஆனா அங்க ஒரு குறை இருக்கு, மறைக்கல. ஜூலையில சனி ஞாயிறு நல்ல குடாவுல எல்லாம் படகு நெருக்கமா இருக்கும், பாதித் தீவுல யாரோட வீடோ இருக்கும், இஷ்டத்துக்கு மரத்துல கட்ட முடியாது. மசசாகா பார்க்குக்குள்ள ராத்திரி தங்கணும்னா பெர்மிட் வாங்கணும். ஒத்தப் படகா நிக்கிற படம்தான் உங்க மனசுல இருக்குன்னா அவங்க ரெண்டு பேரும் சொல்றதுதான் சரி.

எதுவா இருந்தாலும் முதல் ரெண்டு நாள் அந்த ஊர் கேப்டன் ஒருத்தர கூட வச்சுக்குங்க. காசு ஆகும், ஆனா ரெண்டு நாள்ல அவர் பாறைக்கு நடுவுல படகு உள்ள விடுறதப் பக்கத்துல நின்னு பாக்குறது புத்தகத்துல வராது.

---

வெண்பா_அம்மா எழுதியது:

நாங்க போன வருஷம் ஆகஸ்ட்ல ஒன்பது நாள் நார்த் சேனல் போனோம், எனக்கு 9 வயசுல ஒரு பொண்ணு. படகு ஓட்டுறது பத்தி அண்ணனுங்க எல்லாம் சொல்லிட்டாங்க, நான் குடும்பப் பக்கம் சொல்றேன், அப்புறம் எங்களுக்கு நடந்த ஒண்ணையும்.

சாமான் எல்லாம் டொராண்டோல ஸ்கார்பரோவுலயே வாங்கிட்டுப் போயிடுங்க, நம்ம ஈழத்து மக்கள் கடைங்க வரிசையா இருக்கு, இடியாப்ப மாவு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், கருவேப்பிலை வரைக்கும் கிடைக்கும். வடக்க போயிட்டா ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைதான். லிட்டில் கரண்ட்ல நல்ல கடை இருக்கு, படகு நிறுத்துற இடத்துலேர்ந்து நடந்தே போலாம். அங்க ஒரு பழைய இரும்புப் பாலம், 1913ல ரயிலுக்காகக் கட்டினது, படகுக்காக மணிக்கு ஒரு தடவை 15 நிமிஷம் அப்படியே திரும்பி வழி விடும். பாய்மரம் உயரமா இருக்குறதால அதுக்காகக் காத்திருக்கணும், காத்திருக்கும்போது நீரோட்டம் படக இழுக்கும், அதுவும் காத்தப் பொறுத்து இன்னிக்கு கிழக்க ஓடும் நாளைக்கு மேற்க ஓடும். பிள்ளைங்க அந்தப் பாலம் திரும்புறத வாய பொளந்து பாப்பாங்க.

குளிக்கிறது, ஐயோ, அத எப்படிச் சொல்றது. உடம்புல உப்புப் பிசுபிசுப்பே இல்லாம படகுலேர்ந்து நேரா ஏரியில குதிச்சு எந்திரிச்சு வர்றது எனக்கு வாழ்க்கையில முதல் தடவை. ஆனா ஜாக்கிரதை, குடாவுக்குள்ள ஆகஸ்ட்ல தண்ணி இதமா இருக்கும், வெளிய ஆழமான இடத்துல உடம்ப அடிக்கிற குளிரு. நம்ம பிள்ளைங்க 29, 30 டிகிரி கடல்ல வளந்தவங்க, குளிர்ந்த தண்ணியில திடீர்னு விழுந்தா மூச்சு அடைச்சுக்கும், நீச்சல் தெரிஞ்சாலும் லைஃப் ஜாக்கெட்டக் கழட்ட விடாதீங்க. ஜூலையில போறீங்கன்னா இன்னும் கொஞ்சம் குளிராவே இருக்கும்.

பாம்பு பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. ஆன்டாரியோவுல விஷப்பாம்புன்னா ஒண்ணே ஒண்ணுதான், மசசாகா ராட்டில்ஸ்னேக், ஜார்ஜியன் பே பாறையில வெயில் காயும், அதுவா வந்து கடிக்காது, வால ஆட்டி சத்தம் கொடுக்கும். பிள்ளைங்களுக்கு ஷூ போட்டு விடுங்க, பாறை இடுக்குல கைய விடக் கூடாதுன்னு சொல்லுங்க, அவ்ளோதான். எங்களுக்கு நிஜமான தொந்தரவு கொசுதான். பொழுது சாயுற நேரத்துல ஒரு மணி நேரம் உள்ள போய் வலைய மூடிக்குங்க.

கழிவுத் தண்ணிய ஏரியில விடவே கூடாது, டாய்லெட் எல்லாம் டேங்க்ல சேந்து மரினாவுல பம்ப் பண்ணி எடுக்கணும். அஞ்சு பேருன்னா டேங்க் எத்தனை நாள் தாங்கும்னு படகு எடுக்கும்போதே கேளுங்க, எங்க ரூட்டையே அதுதான் முடிவு பண்ணுச்சு. மீன் பிடிக்க ஆசைன்னா வெளிநாட்டுக்காரங்களுக்கு லைசென்ஸ் தனியா வாங்கணும். போன் சிக்னல் பாதி இடத்துல இல்ல, விஎச்எஃப் ரேடியோவுல வானிலை கேட்டுக்கிட்டே இருங்க. ஜூலை ஆகஸ்ட்ல காலையில 9 மணிக்கு லிட்டில் கரண்ட்லேர்ந்து சேனல் 71ல ஒரு ஒலிபரப்பு உண்டு, வானிலை, செய்தி எல்லாம் சொல்லிட்டு எந்தப் படகு எங்க நிக்குதுன்னு ஒவ்வொருத்தரையா கேப்பாங்க. என் பொண்ணு தினமும் மைக்க வாங்கி எங்க படகு பேரச் சொல்லும், ஒன்பதாவது நாள் இறங்கும்போது அதுக்காகத்தான் அழுதா.

இப்ப நடந்தத சொல்றேன். பே ஃபின்னு ஒரு நீளமான குறுகின ஓடை மாதிரி, பத்து கிலோமீட்டருக்கு மேல ரெண்டு பக்கமும் மலைக்கு நடுவுல போகுது, கடைசியில குளம் மாதிரி ஒரு இடம், அவ்ளோ அமைதி. சாயங்காலம் போய் சேந்தோம், களைப்பு, நங்கூரத்தப் போட்டோம், பிடிச்ச மாதிரி இருந்துச்சு, சமைச்சு சாப்பிட்டுப் படுத்துட்டோம். அந்தக் குளத்துக்கு அடியில பாசியும் கொடியும் மெத்தை மாதிரி இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, நங்கூரம் மண்ணத் தொடவே இல்ல, கொடியிலதான் தொங்கிட்டு இருந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு இடி மின்னலோட காத்து வந்துச்சு. மின்னல் வெளிச்சத்துல பாக்குறேன், பக்கத்துப் படகு எங்க பக்கமா வருது, ஒரு நிமிஷம் கழிச்சுதான் புரிஞ்சுது நகர்றது நாங்கன்னு. வீட்டுக்காரர் எஞ்சின் போட்டு காத்துக்கு எதிரா பிடிச்சு வச்சிருந்தார், நான் மூக்குல நின்னு நங்கூரத்த இழுக்குறேன், ஒரு ஆளு கனத்துக்குக் கொடி சுத்திட்டு வருது, கத்தியால வெட்டி வெட்டி விட்டேன், கையெல்லாம் நடுங்குது. அந்தப் பக்கத்துப் படகுல இருந்த வயசான தம்பதி மழையில எழுந்து வந்து விளக்குப் பிடிச்சு, எங்க போடணும்னு கத்திச் சொன்னாங்க. மூணாவது தடவை பிடிச்சுது. விடியுற வரைக்கும் நான் வெளியிலயே உக்காந்திருந்தேன். மழை விட்டு மேகம் விலகினப்ப வானம் முழுக்க நட்சத்திரம், பால்வீதி தண்ணியிலயும் தெரிஞ்சுது, தூரத்துல லூன் பறவை ஊளையிடுற மாதிரி கத்துச்சு, பொண்ண எழுப்பி மடியில வச்சுக்கிட்டேன்.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குறேன், எவ்ளோ களைப்பா இருந்தாலும் பழையமாலுமி ஐயா சொன்ன மாதிரி ரிவர்ஸ்ல இழுத்துப் பாக்காம அடுப்பப் பத்த வைக்காதீங்க. பாசி இருக்குற இடத்துல கனமான நங்கூரம் வேணும், தட்டையா லேசா இருக்குறது மேலயே வழுக்கிட்டுப் போகும்.

---

பொங்கோல்படகோட்டி எழுதியது:

அக்கா, நீங்க எழுதினத மனைவிக்கு வாசிச்சுக் காட்டினேன், பாதியிலயே நிறுத்தச் சொல்லிட்டா, அப்புறம் அவளே போன வாங்கி கடைசி வரைக்கும் படிச்சிட்டு 'போலாம், ஆனா நானும் நங்கூரம் போடக் கத்துக்கணும்'னு சொன்னா. அது சரிதான், எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா படக நிறுத்தத் தெரிஞ்ச ஆளு இன்னொருத்தர் வேணும்.

இப்போதைக்கு முடிவு இப்படி. நார்த் சேனல்தான். லிட்டில் கரண்ட்லேர்ந்து ஆரம்பிச்சு முதல் ரெண்டு நாள் உள்ளூர் கேப்டன் கூட, அப்புறம் மேற்க பெஞ்சமின் போய் மூணு ராத்திரி ஒரே இடம், திரும்பி வந்து கில்லார்னி. பத்து நாள்ல எல்லாத்தையும் பாக்கணும்னு போட்டிருந்த பிளானக் கிழிச்சுட்டேன். மாமனாருக்காக டொராண்டோலேர்ந்து போற வழியில ஒரு ராத்திரி சட்பரியில தங்கிக்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் ஐயா, அந்தப் பின்பக்கம் கட்டுறத இங்கயே எங்கயாச்சும் பழக முடியுமா? லாசரஸ்ல பண்ணலாமா?

---

பழையமாலுமி எழுதியது:

லாசரஸ்ல வேணாம் தம்பி, நீரோட்டம் குறுக்க இழுக்கும், சனி ஞாயிறுல படகு கூட்டம் வேற, மரத்துல கயிறு கட்டவும் அங்க விட மாட்டாங்க. உங்க கிளப்புல மிதக்குற ஜெட்டி இருக்கும்ல, அதையே பாறைன்னு வச்சுக்குங்க. வத்தம் வெள்ளம் திரும்புற அந்த அரை மணி நேரம் தண்ணி நிக்கும், அதுதான் அந்த ஏரி மாதிரி இருக்குற நேரம். மெரினா ஆளுங்ககிட்ட சொல்லிட்டு நாப்பது மீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு ரிவர்ஸ்ல வாங்க, மனைவி டிங்கியில கயிற எடுத்துட்டுப் போய் ஜெட்டி வளையத்துல போலைன் முடிச்சு போடட்டும். நீங்க ஸ்டியரிங்ல, அவங்க டிங்கியில, அடுத்த தடவை மாத்திக்குங்க. பையன மூக்குல நிக்க வைங்க, கை சைகையில ஆழம் சொல்லப் பழகட்டும், எஞ்சின் சத்தத்துல கத்தினா கேக்காது. பத்து தடவை செஞ்சா போதும்.

எந்த ஞாயித்துக்கிழமைன்னு வத்த அட்டவணை பாத்துட்டு தனி மெசேஜ்ல சொல்லுங்க, நானும் வரேன். 50 மீட்டர் மிதக்குற கயிறு என்கிட்ட ஒண்ணு இருக்கு, மகன் வீட்லேர்ந்து கொண்டு வந்தது, மரத்துக்குப் போடுற பட்டையும் இருக்கு, நீங்க எதுவும் வாங்க வேணாம்.